எழுந்து வர முடியாத ஆட்டம்

நான் சமைத்துப் போடும் தையல் பட்டறையில் தொழுகைக்கென்று தனி இடம் கிடையாது. கூடத்தின் கோடியில், துணி உருளைகள் அடுக்கியிருக்கும் சந்தில் பாயை விரித்து மதியத் தொழுகையான லுஹர் தொழுவேன். மிஷின்கள் போடும் சத்தத்தில் நான் ஓதுவது எனக்கே கேட்காது. ஒரு குளிர்காலத்தில் அந்தச் சத்தம் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. நான் கைகட்டித் தக்பீர் சொல்லித் தொழத் தொடங்கியதும் பக்கத்து மிஷின் நின்றுவிடும். சலாம் கொடுத்து முடித்ததும் ஓடத் தொடங்கும். தற்செயல் என்றுதான் நினைத்திருந்தேன். ஒருநாள் சலாம் கொடுக்கத் திரும்பியபோது கண்ணில் பட்டது. ஜிபார் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். தைத்த உருப்படிக்குத்தான் எங்கள் பட்டறையில் கூலி. சும்மா இருந்தால் அவளுக்குத்தான் நஷ்டம்.

"ஏம்மா மிஷினை நிறுத்துற?" என்று கேட்டேன்.

"ஊசி சூடேறிடுதுக்கா. ஆறட்டும்னு விட்டேன்."

தினமும் லுஹர் நேரம் பார்த்துச் சூடேறும் ஊசி! அன்றிலிருந்து நான் இறைவனிடம் கேட்கும் துஆவில் அவள் பெயரையும் சேர்த்துக்கொண்டேன்.

ஜிபார் தலைநகர் பிஷ்கேக்குக்கு வந்ததே பிள்ளையைக் கொடுத்துவிட்டுத்தான். அவள் புருஷனின் அண்ணன் எசென்குல் கொச்கோர் கிராமத்தில் ஆடு மாடோடு வசதியாக இருப்பவர். அவருக்கும் மனைவி கானிஷாய்க்கும் கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் தொட்டில் ஆடவில்லை. தம்பி பிள்ளையை அண்ணன் வாங்கி வளர்ப்பது எங்கள் ஜனங்களிடம் உள்ளதுதான். பெரியவர்கள் கேட்டால் முடியாது என்று சொல்வது கஷ்டம். ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போயிருந்த புருஷன் போனில் சொன்னான்: "குடுத்துடு. நமக்கு வயசு இருக்கு, இன்னும் பெத்துக்கலாம்." பெற்று நாற்பது நாள் கழிந்ததும் குழந்தை எலாமானைப் போர்த்தி, கானிஷாயின் கையில் கொடுத்துவிட்டு வேன் ஏறினாள். எங்கள் பட்டறைக்கு வந்த புதிதில் மார்பில் துணியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் தைப்பாள். தைக்கிற சட்டை நனைந்துவிடக் கூடாதே என்று.

சில மாதம் போனது. புருஷன் அங்கேயே வேறொருத்தியை நிக்காஹ் செய்துகொண்டான் என்று செய்தி வந்தது. இன்னும் பெற்றுக்கொள்ளலாம் என்ற பேச்சு அதோடு போயிற்று. கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. கேட்டால் கொடுத்தவளுக்கும் கேவலம், வாங்கியவளுக்கும் கேவலம்.

சாப்பாட்டு நேரத்தில் பட்டறைப் பெண்கள் எல்லோரும் ஊரில் விட்டுவந்த பிள்ளைகளோடு போனில் முகம் பார்த்துப் பேசுவார்கள். "சாப்பிட்டியா கண்ணு? பல்லு விளக்கினியா?" என்று கூடம் முழுக்க ஒரே சத்தமாக இருக்கும். ஜிபாருக்குப் பேச யாரும் இல்லை. அவளும் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அதில் சீட்டு ஓடும். காசு வைத்து ஆடும் போக்கர்.

பொத்தான் தைக்கும் உல்கான் அவளை விடமாட்டாள். "என்னடி, சீட்டுக்கட்டு ராஜாவையே பார்த்துக்கிட்டிருக்க? கட்டிக்கிட்டியா? எங்களுக்கு விருந்து எப்போ?"

"எங்கக்கா! ராஜா எங்கிட்ட நிக்கவே மாட்டேங்கறான். அவனும் ரஷ்யாவுக்குப் போயிட்டான் போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும் முன்பே கண் போனுக்குத் திரும்பிவிட்டது.

சோற்றுக்குக் கேரட் நறுக்க உதவி செய்கிறேன் என்று சமையல்கட்டுக்கு வருவாள். எனக்கு அவளைத் திட்ட மனம் வராது. அதே சமயம் சும்மா இருக்கவும் முடியாது.

"ஜிபார், அது ஹராம். உனக்கே தெரியும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் ஆடுற. அதுல அப்படி என்ன இன்பம் இருக்கு?"

கத்தியை நிறுத்திவிட்டு யோசித்தாள். "எந்த ஆட்டத்துலன்னு கேளுங்க. ஒண்ணா ரெண்டா? காசு போட்டு உட்கார்ற மேசை ஒண்ணு இருக்கு. எப்ப வேணா உட்காரலாம், எப்ப வேணா எழுந்து போகலாம், டீக்கடை மாதிரி. ஆனா வசதிக்காரன் பெரிய பையோட உட்காருவான், நான் கிள்ளுக் காசோட உட்காருவேன். ஆடி முடிச்சா மிஷின்ல உட்கார்ந்த மாதிரியே முதுகு வலிக்கும். அது ஆட்டமே இல்லக்கா, இன்னொரு வேலை."

"அப்ப விட்டுத் தொலையேன்."

"அதை விட்டுட்டேன். அப்புறம் மூணு பேர் ஆட்டம். ஆரம்பத்துலயே ஒரு சக்கரம் சுத்தும், பரிசு எவ்வளவுன்னு அதுவே சொல்லிடும். டீ ஆறறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிடும். சூரியகாந்தி விதை கொறிக்கிற மாதிரிக்கா. நாக்கு புண்ணாகும், வயிறு ரொம்பாது, கை மட்டும் நிக்காது." கேரட்டை மறுபடி நறுக்கத் தொடங்கினாள். "இன்னொண்ணு, சீட்டு பிடிக்கலைன்னு போட்ட அந்த நிமிஷமே வேற மேசைக்குத் தூக்கிப் போட்டுடும். புது ஆளுங்க. ஒருத்தர் பேரையும் ரெண்டாந்தடவை பார்க்க மாட்டோம். பஜார் கூட்டத்துல தள்ளிவிட்ட மாதிரி இருக்கும். வேகம் உண்டு, மனுஷ வாசனை கிடையாது."

எனக்கும் மேலே கேட்க ஆசையாகிவிட்டது, அல்லாஹ் மன்னிக்கட்டும். "ஆளுக்கு எத்தனை சீட்டு?"

"ரெண்டு. நாலு குடுக்கிற ஆட்டமும் இருக்கு. அது, வீட்டுல நாலு மருமக இருக்கிற மாதிரி. பார்த்தா நாலு பேருமே நல்லவளாத் தெரியும். விருந்தாளி வந்து நிக்கும்போது ஒருத்தியையும் காணோம்."

கேரட் சிதறச் சிரித்தோம். பிறகு அவள் குரல் தணிந்தது.

"ஒரு ஆட்டத்துல ஒவ்வொருத்தர் தலைக்கும் ஒரு விலை எழுதியிருக்கும்க்கா. ஆளை வெளியே தள்ளினா அந்த விலை நமக்கு. அதுல என் கை துறுதுறுங்கும். அதைப் பார்த்து எனக்கே பயம். இப்ப தொடறதில்ல."

"எதைத்தான் தொடுற?"

"போட்டி. ஆயிரம் பேர் உட்காருவாங்க. எல்லாருக்கும் காசுக்குப் பதிலா ஒரே அளவு வில்லை குடுத்துத்தான் ஆரம்பிப்பாங்க. யாரு மகாராணி, யாரைப் புருஷன் விட்டுட்டுப் போனான், மடியில பிள்ளை இருக்கா இல்லையா, ஒரு கேள்வி கிடையாது. எனக்கும் அதே அளவு வில்லை. அது எவ்வளவு நல்லாருக்கும் தெரியுமா? ஆனா நடுவுல எழுந்திருக்க முடியாது. பந்தயக் குதிரையில ஏறியாச்சுன்னா ஏறினதுதான். நாம எழுந்து போனாலும் நம்ம நாற்காலி ஆடிக்கிட்டேதான் இருக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் நம்ம வில்லையைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னு தீர்த்துடும்."

"இது இன்பமா?"

ஜிபார் நறுக்கிய கேரட்டைச் சட்டியில் தள்ளினாள். "ஆடி முடியிற வரைக்கும் எலாமான் அழறது காதுல கேக்காதுக்கா. பெரிய போட்டின்னா நாள் முழுக்கக் கேக்காது."

அதற்குப் பிறகு நான் இன்பத்தைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை.

அறுவடை முடிந்த சமயம் கானிஷாய் போன் செய்தாள். எலாமான் பிடித்துக்கொண்டு நிற்கிறான், முதல் நடைக்காக ஞாயிற்றுக்கிழமை கால்நூல் வெட்டுகிறோம், விருந்தாளியாக வா என்றாள். பின்னாலிருந்து எசென்குலின் குரலும் கேட்டது. அழக்கூடாது, பிள்ளையைக் கட்டிப் பிடித்து அம்மா என்று சொல்லிவிடக் கூடாது, மரியாதையாக வந்து மரியாதையாகப் போனால் இனி ஒவ்வொரு பெருநாளுக்கும் வரலாம் என்றார். ஜிபார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்?

பட்டறையில் மிஞ்சிய வெல்வெட் துண்டுகளைச் சேர்த்து, கையில்லாத ஒரு குட்டி மேலங்கி தைத்தாள். அதை என் உள்ளங்கையில் விரித்து வைத்து, "பெரிசாயிருக்குமோக்கா? எவ்வளவு வளர்ந்திருப்பான்னு தெரியலையே" என்றாள். கூட வரச் சொன்னாள். தனியாகப் போனால் கால் ஓடாது என்றாள். நானும் ஒப்புக்கொண்டேன்.

புறப்படுவதற்குச் சில நாள் முன்பு ஒரு வினை வந்தது. சின்னப் போட்டி ஒன்றில் ஜெயித்தாள். அதில் பரிசு காசு கிடையாது, பெரிய போட்டி ஒன்றுக்கு நுழைவுச் சீட்டு. அவள் கூலிக்கு நினைத்தே பார்க்க முடியாத போட்டி. அதை ஞாயிற்றுக்கிழமைதான் ஆட முடியும், மறுநாள் செல்லாது.

"விட்டுடும்மா. வேற நாள் கிடைக்கும்" என்றேன்.

"விட்டுடறேன்க்கா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "காலையில ஆரம்பிக்கும். சும்மா உட்கார்ந்து முதல் ஒரு மணி நேரத்துலயே தோத்துட்டு எழுந்துடறேன். பெரிய ஆளுங்க வர்ற இடம், என்னை எவ்வளவு நேரம் விட்டு வைப்பாங்க?"

சனிக்கிழமை கொச்கோர் போய்ச் சேர்ந்தோம். எலாமான் தூங்கிக்கொண்டிருந்தான். ஜிபார் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். மேலங்கியைக் கானிஷாயிடம் கொடுத்தாள். கானிஷாய் அதை முகத்தில் வைத்து ஒருமுறை மோந்துவிட்டு உள்ளே கொண்டுபோனாள்.

மறுநாள் காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. நான் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மாவுத் துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தேன். கானிஷாய் என் பக்கத்தில் வந்து குந்தினாள். கரண்டியை வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே பேசினாள்.

"அக்கா, பெண்கள் ஓட்டத்துல ஜிபாரையும் ஓட விடுங்க. ஓடறவங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். எல்லாரும் பின்தங்கிடுவாங்க. அவதான் முதல்ல வரணும், அவதான் நூலை வெட்டணும்."

நான் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தணித்தேன். "எசென்குலுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா விடுவாரா? ஓட்டத்துல யாரு வேணா ஜெயிக்கலாமே, அதை யாரு கேக்க முடியும்? பெத்த கை ஒரு தடவையாவது அவன் காலைத் தொடணும்க்கா. என்னை அம்மாங்கறான். கேட்டு எனக்குத் தூக்கம் வரல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவே சொல்லிடாதீங்க, அழுதுடுவா. ஓடறதுக்குக் கொஞ்சம் முன்னால சொல்லுங்க."

கறுப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலால் குழந்தையின் இரண்டு காலையும் கட்டி நிறுத்துவோம். ஓடி வருபவர்களில் முதலில் வருபவர் அதை வெட்டுவார். வெட்டியவரின் நடைதான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஜிபாரின் நடை அவள் பிள்ளைக்கு வரப்போகிறது என்று நினைத்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யா அல்லாஹ், உன் அடிமைகளின் மனசில் இவ்வளவு இரக்கத்தை வைத்தாயே என்று சொல்லிக்கொண்டேன்.

இறைச்சி பரிமாறி முடிந்தது. லுஹரும் தொழுதேன். ஜிபாரைக் காணவில்லை. வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் போர் இருக்கிறது, அங்கேதான் போனுக்குச் சிக்னல் சரியாக எடுக்கும். போய்ப் பார்த்தேன். போரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"இன்னுமா தோக்கல?"

"தோக்க முடியலக்கா." நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகம். "எதைத் தொட்டாலும் ஜெயிக்குது. ஆயிரக்கணக்குல உட்கார்ந்தாங்க, இப்ப ரெண்டு மேசைதான் மிச்சம். ஊருக்குள்ள வீடு பிடிக்கலாம்க்கா. அடுப்பு வச்ச வீடு. ஒருநாள் அவன் வந்தா உட்கார ஒரு இடம்."

"எழுந்திரும்மா. ஓட்டம் ஆரம்பிக்கப் போறாங்க." அவள் காதருகே குனிந்து முழுவதையும் சொன்னேன். கானிஷாய் ஏற்பாடு செய்ததை, எல்லோரும் பின்தங்கப் போவதை, கத்தி அவளுக்காகக் காத்திருப்பதை.

ஜிபார் விருட்டென்று எழுந்தாள். பாவாடையில் ஒட்டிய வைக்கோலைக்கூடத் தட்டவில்லை. ஓரிரண்டு எட்டு வைத்தாள். போன் கையிலேயே இருந்தது. குனிந்து பார்த்தாள், நின்றுவிட்டாள்.

"ரெண்டும் ஆஸ்க்கா, இதைவிடப் பெரிய சீட்டு கிடையாது" என்றாள்.

"போட்டுட்டு வாடி!"

"இந்த ஒரு கை. இது ஒண்ணு மட்டும். அந்தப் பக்கம் வந்தா எடுக்காது. நீங்க போய் நிறுத்தி வையுங்க, இதோ வந்துட்டேன்."

அவள் கையைப் பிடித்து இழுத்தேன். மண்ணில் அடித்த முளை மாதிரி நின்றாள். கூட்டத்தின் கூச்சல் கேட்டது. நான் முன்வாசலுக்கு ஓடினேன்.

கம்பளத்தின் மேல் எலாமான் கால் கட்டுண்டு நின்றிருந்தான். வெல்வெட் மேலங்கி அவனுக்குச் சரியாகவே இருந்தது. அழத் தொடங்கிவிட்டான். "பிள்ளை அழறான், எதுக்குக் காத்திருக்கீங்க?" என்று எசென்குல் கையை வீசினார். பெண்கள் ஓடத் தொடங்கினார்கள்.

அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. ஓடிய ஒருத்தியும் முன்னால் பார்க்கவில்லை. எல்லோரும் கழுத்தைத் திருப்பி வைக்கோல் போரைப் பார்த்துக்கொண்டே ஓடினார்கள். பாதி வழியில் ஓட்டம் நடையானது. நடையும் மெல்ல மெல்ல நின்றது. குழந்தைக்குப் பத்தடி தூரத்தில் ஒருத்தி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். உடனே மற்றவர்களும் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தார்கள்.

"என்ன இது, கோழிப் பந்தயமா?" என்றார் எசென்குல். ஆண்கள் சிரித்தார்கள். கானிஷாய் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு மருமகள் ஒருத்தி வந்தாள். மாட்டைக் கட்டிவிட்டுத் தாமதமாக வந்தவள். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எல்லோரும் நிற்பதைப் பார்த்தவள் தனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் என்று, "அடியேய் சோம்பேறிகளா!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து வந்து, கத்தியை எடுத்து நூலை வெட்டிவிட்டாள்.

எலாமான் அழுகையை நிறுத்தினான். ஓர் அடி வைத்தான். இன்னொன்று. மூன்றாவதில் தடுமாறிக் கானிஷாயின் மடியில் விழுந்தான். எல்லோரும் கைதட்டினார்கள்.

வீட்டுச் சுவர் திரும்பும் மூலையில் ஜிபார் நின்றிருந்தாள். தலையில் வைக்கோல். கையில் போன் இல்லை. எப்போது வந்தாள், எவ்வளவு பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. பக்கத்தில் போனதும் மெதுவாகச் சொன்னாள்: "அந்தக் கையை ஜெயிச்சுட்டேன்க்கா." அவள் சொன்னது இழவு வீட்டில் சொல்வது மாதிரி இருந்தது.

டீ நேரத்தில் எசென்குல் மாட்டுக்கு வைக்கோல் எடுக்கப் போனார். திரும்பி வரும்போது கையில் அவளுடைய போன் இருந்தது. திரையில் பச்சை மேசை, அதில் ஒரு நாற்காலி காலி. அந்த நாற்காலிக்கு முன்னாலிருந்த வில்லைகள் கரைந்துகொண்டிருந்தன. விருந்து விரிப்பின் மேல் அதை வைத்தார்.

"இதுல உன்னை யாரோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார். அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "உள்ளூர்ப் பொண்ணுங்க எதுக்குப் பின்னாலயே பார்த்துக்கிட்டு ஓடினாங்கன்னு இப்பத்தான் புரியுது. சரி, பிள்ளைக்குக் கால்நூல் வெட்டியாச்சு. என்னைக்காவது அவனா நடந்து உன் வாசலுக்கு வருவான். அதுவரைக்கும் நீ இந்த வாசலுக்கு வர வேண்டாம் தங்கச்சி."

ஜிபார் போனை எடுத்துக்கொண்டு எழுந்தாள். போகும்போது விருந்தாளிக்குக் கட்டிக் கொடுக்கும் இறைச்சிப் பங்கைக் கானிஷாய் அவள் கையில் வைத்து அழுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பட்டறைக்குத் திரும்பிய பிறகு ஜிபார் எல்லா ஆட்டமும் ஆடினாள். தலைக்கு விலை வைத்த ஆட்டம், சக்கரம் சுத்தும் ஆட்டம், எதையும் விடவில்லை. மிஷின் ஓடும்போதே போனை நூல் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொள்வாள். தையல் கோணலாகிப் பிரித்துத் தைத்தாள். உல்கான்கூடக் கேலியை நிறுத்திவிட்டு அவள் பங்கு உருப்படியை அவ்வப்போது வாங்கித் தைத்துக் கொடுத்தாள். "எந்த ஆட்டம் இப்ப நல்லாருக்கு?" என்று ஒருமுறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "எல்லாம் ஒரே ருசிக்கா, உப்பில்லாத கஞ்சி. எதுலயும் அவன் அழுகை நிக்க மாட்டேங்குது" என்றாள். நான் தக்பீர் கட்டும்போது அவள் மிஷின் நிற்பதில்லை. நான் அங்கே இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

பனி விழத் தொடங்கிய ஒரு நாள் லுஹரில் அது மறுபடி நின்றது. ருகூவில் குனிந்து நின்றபடியே எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை தேறிவிட்டாள், அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தேன். சலாம் கொடுத்துப் பார்த்தால் மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. மாஸ்கோவில் ஒரு பட்டறையில் ஆள் எடுக்கிறார்களாம், கணக்கு முடித்துவிட்டுப் போய்விட்டாள் என்றாள் உல்கான்.

பஸ் நிலையத்துக்கு ஓடினேன். வரிசையில் நின்றிருந்தாள். கையில் ஒரே ஒரு பை. சூடான ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். கையேந்தி அவளுக்காக துஆ ஓதினேன். அவளும் என்னோடு முகத்தைத் தடவிக்கொண்டாள். டிரைவர் ஏறச் சொல்லிக் கத்தினான். படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, அவன் பெரியவனாகி என்னைக்காவது உங்ககிட்ட வந்து கேட்டா, உங்கம்மாவும் அன்னைக்கு ஓடினாடா, கடைசியா வந்தாள்னு சொல்லுங்க. பொய்தான். அந்தப் பாவத்தை உங்க தோள்ல உட்கார்ந்து கணக்கெழுதற மலக்கு எழுத வேண்டாம், என் தோள்ல எழுதச் சொல்லி அல்லாஹ்கிட்ட கேட்டுக்கங்க."